ஆளை எதிரே உட்காரவைத்து வரைவது

சென்னையில் எண்ணெய் வண்ணம் கிடைக்கும், கேன்வாஸ் கிடைக்கும், தேடினால் வாடகைக்கு மொட்டைமாடி அறைகூடக் கிடைத்துவிடும். மூன்று மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார ஒரு ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். எழும்பூரில் இருக்கும், 1850இல் தொடங்கிய அரசு கவின் கலைக் கல்லூரி போன்ற இடங்களில் படித்தவர்களுக்கு லைஃப் ஸ்டடி, அதாவது உயிருள்ள ஆளை எதிரே வைத்து வரைவது, பழகிய விஷயம். வேலைக்குப் போய்க்கொண்டே ஞாயிற்றுக்கிழமை வரைகிற என்னைப் போன்றவர்களுக்கு அந்த வாய்ப்பு கிடையாது. அதனால் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரு அறையைப் பிடித்தோம். மாடலுக்கான பணத்தைப் பங்கு போட்டுக்கொள்கிறோம். உருவமும் முகமும் வரைந்து சில வருடங்களாகப் பழகிவருகிறோம். அதில் நடைமுறைக்கு உதவியவற்றை எழுதுகிறேன். அழகியல் பேச்சு இதில் குறைவாகவும், மின்விசிறி, நாற்காலி, கூலி பற்றிய பேச்சு அதிகமாகவும் இருக்கும். படம் உருப்படுவதும் படாததும் பெரும்பாலும் அங்கேதான் முடிவாகிறது என்பது என் எண்ணம்.

முதலில் கூலி. எங்களிடம் உட்கார்ந்தவர்களில் ஓய்வுபெற்ற பேருந்து நடத்துனர் உண்டு, கீரை விற்கும் பாட்டி உண்டு, நாடகத்தில் நடிக்கும் இளைஞர்கள் உண்டு. "சும்மா உட்கார்ந்திருக்கக் காசா?" என்று சிரித்துக்கொண்டே வருகிறவர்கள், முதல் அரை மணி நேரம் முடிந்ததும் சிரிப்பை நிறுத்திவிடுவார்கள். அசையாமல் இருப்பது உடம்பு நோகும் வேலை. அதனால் அவர் வழக்கமாக ஒரு நாளில் சம்பாதிப்பதைக் கேட்டு, அதற்குக் குறையாமல் கொடுப்பது என்று வைத்திருக்கிறோம். ஓய்வு எடுக்கும் நேரத்துக்கும் சேர்த்துத்தான் கணக்கு. பணம் வரைவதற்கு முன்பே கவரில் போய்விடும். கடைசியில் கொடுத்தால் என்ன என்று கேட்கலாம். பணம் வருமா, எவ்வளவு வரும் என்று யோசித்துக்கொண்டிருக்கும் ஒருவரின் முகம் இறுகித்தான் இருக்கும். அந்த இறுக்கம் புருவத்திலும் வாயோரத்திலும் அப்படியே படத்துக்கு வந்துவிடும்.

என்ன உடையில், எவ்வளவு நேரம், எத்தனை பேர் எதிரே இருப்பார்கள் என்பதை முன்னதாகவே சொல்லிவிடுவோம். உடையில்லாத உருவத்தைப் படிக்காமல் உடற்கூறு வராது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் எங்கள் அறையில் அதைச் செய்வதில்லை. மடித்துக் கட்டிய வேட்டியோடு, சட்டை இல்லாமல் ஒரு ஆண் நின்றாலே தோள்பட்டை, விலா, முழங்கால், கெண்டைக்கால் எல்லாம் கிடைத்துவிடுகின்றன. பெண்கள் புடவையிலேயே இருப்பார்கள். புடவைக்குள் உடம்பு எங்கே திரும்புகிறது என்பதை மடிப்புகளை வைத்துக் கண்டுபிடிப்பது தனிப் படிப்பு. இழுபட்டு நேராக ஓடும் மடிப்பு எலும்பு முட்டுகிற இடத்தைக் காட்டிக்கொடுக்கும். தொளதொளவென்று சுருண்ட மடிப்பு உள்ளே ஒன்றும் இல்லை என்று சொல்லும்.

மாடலைத் தொடக் கூடாது. கையைக் கொஞ்சம் நகர்த்த வேண்டுமென்றால் வாயால் சொல்ல வேண்டும், அதுவும் ஒருவர் மட்டும். ஆளாளுக்கு "அம்மா, தாடையை இந்தப் பக்கம்", "இல்லம்மா, அந்தப் பக்கம்" என்று ஆரம்பித்தால் அவர் குழம்பிப்போவார். கைபேசிகள் பைக்குள் இருக்கும். படம் பிடிப்பதில்லை என்று சொல்லியிருப்பதால் யாரும் பிடிப்பதில்லை. வீட்டில் உட்கார்ந்து முடித்துக்கொள்ள ஒரே ஒரு ஃபோட்டோ என்று புதிதாக வருகிறவர் எப்போதும் கேட்பார். ஃபோட்டோ வேண்டுமென்றால் ஃபோட்டோவைப் பார்த்தே வரைந்துவிடலாமே, ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு இவ்வளவு தூரம் எதற்கு வர வேண்டும்?

அப்புறம் நேரம். இருபது நிமிடம் போஸ், ஐந்து நிமிடம் ஓய்வு என்பது உலகத்தில் பல இடங்களிலும் உள்ள வழக்கம். நாங்களும் அதையே வைத்திருக்கிறோம். ஓய்வுக்கு எழும் முன் காலடியைச் சுற்றியும், நாற்காலிக் கால்களைச் சுற்றியும், கை ஊன்றிய இடத்திலும் ஒட்டுநாடா ஒட்டிவிட வேண்டும். பார்வைக்கும் ஒரு குறி வேண்டும். சுவரில் ஒரு ஆணியோ, காலண்டரோ, எதுவோ ஒன்றைக் காட்டி "அதைப் பாருங்க" என்றால் தலை ஒவ்வொரு முறையும் கிட்டத்தட்ட அதே கோணத்துக்குத் திரும்பிவிடும். நிற்கிற போஸ் என்றால் முழங்காலைப் பூட்டினாற்போல விறைப்பாக வைக்க வேண்டாம் என்று கட்டாயம் சொல்லுங்கள். அப்படி நின்றால் தலை சுற்றி மயக்கம் வரலாம். கையைத் தலைக்கு மேல் தூக்குகிற போஸ் எல்லாம் சில நிமிடங்களுக்கு மட்டும்தான். அதற்கு மேல் கை மரத்துவிடும்.

எவ்வளவு நல்ல மாடலாக இருந்தாலும் போஸ் முதல் சில நிமிடங்களில் இறங்கும். தோள் சரியும், கழுத்து உள்ளே போகும், இடுப்பு பின்னால் நகரும். உட்கார்ந்த உடனே அளந்து கோடு போட்டுவிட்டால், பத்தாவது நிமிடத்தில் கோடு ஓரிடத்திலும் ஆள் ஓரிடத்திலும் இருப்பார்கள். அதனால் முதல் ஐந்து நிமிடம் பார்ப்பதோடு சரி, இல்லாவிட்டால் பொதுவான சாய்வை மட்டும் லேசாகப் போடுவது. உடம்பு தானாகப் போய் உட்கார்ந்துகொள்ளும் நிலைதான் அந்த ஆளுடைய உண்மையான நிலை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஹெட் ஸ்டடி (தலையை மட்டும் வரைவது) வைக்காதீர்கள் என்பதும் இதே கணக்குதான். கண் சொக்கும், தலை தொங்கும், அவரைக் குறை சொல்ல முடியாது.

உருவத்துக்கு வருவோம். ஒவ்வொரு வகுப்பையும் ஒரு நிமிட, இரண்டு நிமிட போஸ்களில் தொடங்குகிறோம். சார்கோல் குச்சியைப் படுக்கவைத்துப் பிடித்து, புத்தகத்துக்கு அட்டை போடுகிற பழுப்புத் தாளில் வரைவது. அந்தத் தாள் மலிவு. அதன் நிறமே நடுத்தர அடர்த்தியில் இருப்பதால் நிழலுக்குக் கரியும் வெளிச்சத்துக்குச் சாக்பீஸும் போட்டாலே உருவம் எழுந்துவிடும். சில வருடங்களில் நொறுங்கிப்போகும். போகட்டும், அவை காப்பாற்றி வைக்க வேண்டிய படங்கள் இல்லை. இந்தக் குட்டிப் போஸ்களில் தேட வேண்டியது ஒன்றே ஒன்று: எடை எந்தக் காலில் இறங்குகிறது? எடை தாங்கும் காலின் பக்கம் இடுப்பு மேலே ஏறும். அதை ஈடுகட்ட அதே பக்கத் தோள் கீழே இறங்கும். ஒரே காலில் எடை இருந்தால் கழுத்துக் குழியிலிருந்து நேர்கீழே ஒரு நூல் விட்டால் அந்தக் காலின் கணுக்கால் அருகே விழும். விழவில்லை என்றால் உங்கள் படத்தில் இருக்கிறவர் கீழே விழுந்துகொண்டிருக்கிறார் என்று அர்த்தம். நூலில் ஒரு நட்டைக் கட்டி, கேன்வாஸைத் தாங்கும் ஈசல் சட்டத்தில் தொங்கவிட்டிருக்கிறேன். கொத்தனார் தூக்குக்குண்டு வைத்துப் பார்க்கிற அதே வேலைதான்.

இதைத் தனியாகப் பழக மாடல்கூட வேண்டாம். எழும்பூர் அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிகள் இருக்கும் இடத்துக்குப் போய் நின்றாலே போதும். உடம்பு மூன்று இடத்தில் வளையும் திரிபங்க நிலையில் நம் சிற்பிகள் செய்திருப்பது இதே இடுப்பும் தோளும் எதிரெதிராகச் சாய்கிற கணக்குதான். திருவெண்காட்டு அர்த்தநாரீஸ்வரரைச் சுற்றிச் சுற்றி வந்து பார்க்கலாம், யாரும் ஓய்வு கேட்க மாட்டார்கள். மெரினாவில் இருக்கும் உழைப்பாளர் சிலை இன்னொரு பாடம். கவின் கலைக் கல்லூரியின் முதல்வராக இருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது, 1959இல் நிறுவப்பட்டது. பாறையோடு மல்லுக்கட்டும் நான்கு பேரில் ஒவ்வொருவரும் காலை எங்கே ஊன்றியிருக்கிறார், முதுகு எங்கே வளைகிறது என்று காலை வெயில் பக்கவாட்டில் விழும் நேரத்தில் வரைந்து பாருங்கள். அதன் பிறகு உயிருள்ள ஆள் எதிரே நிற்கும்போது எங்கே பார்ப்பது என்ற திகைப்பு குறையும்.

அளவு பற்றி ஒரு வார்த்தை. கையை முழங்கை மடங்காமல் நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சிலில் தலையின் உயரத்தை எடுத்து, உடம்பு எத்தனை தலை என்று அளப்பது எல்லோரும் சொல்லித்தருவது. நிற்கும் பெரியவர்கள் ஏழு, ஏழரைத் தலை வருவார்கள். சிற்ப சாஸ்திரத்தில் தாளம் என்பது உச்சந்தலையிலிருந்து அளப்பதல்ல, மயிர் தொடங்கும் இடத்திலிருந்து மோவாய் வரையுள்ள முக நீளம். மனிதருக்கு எட்டுத் தாளம், தெய்வங்களுக்கு ஒன்பது, பத்து. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டு கோவில் சிலை அளவில் நடத்துனரை வரைந்தவர் எங்கள் குழுவிலேயே உண்டு. படம் கம்பீரமாகத்தான் இருந்தது. முழு உருவம் வரைகிறவர்கள் மாடலின் உயரத்தைப் போல மூன்று மடங்கு தூரத்திலாவது நிற்பது நல்லது. கிட்டே நின்றால் முகத்தை நேராகவும் பாதத்தை மேலிருந்தும் பார்ப்போம், இரண்டும் ஒரே படத்தில் ஒட்டாது. சின்ன அறையில் அந்தத் தூரம் கிடைக்காது. அப்போது உட்கார்ந்த போஸோ இடுப்பு வரைக்குமோ வரைவதுதான் புத்திசாலித்தனம்.

வெளிச்சத்துக்கு வடக்கு ஜன்னல் என்பது ஐரோப்பியப் புத்தகங்கள் எல்லாம் ஓதுகிற மந்திரம். அவர்கள் ஊரில் நண்பகல் சூரியன் எப்போதும் தெற்கில்தான் இருக்கும், வடக்கு ஜன்னலில் நாள் முழுக்க ஒரே சீரான வான வெளிச்சம் வரும். சென்னை 13 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி தாண்டும்வரை நண்பகல் சூரியன் நம் தலைக்குச் சற்று வடக்கே போய்விடும். காலையிலும் மாலையிலும் இன்னும் வடக்கே சாய்ந்து வரும். எங்கள் வடக்கு ஜன்னலில் மே மாதம் வெயில் உள்ளே வந்து மாடலின் மடியில் உட்கார்ந்துகொள்ளும். ஜன்னலில் ஒரு மெல்லிய வெள்ளை வேட்டியைக் கட்டினால் பிரச்சினை தீர்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் வேறு தொல்லை: மேகம் மூடித் திறக்கும்போதெல்லாம் நிழல் மாறும். அன்றைக்கு ஜன்னலை மூடிவிட்டு ஒற்றை எல்இடி விளக்கைப் பக்கவாட்டில், கண்ணுக்கு மேலே உயரமாக வைப்பதே மேல். இரண்டு பக்கமும் விளக்கு வைத்தால் மூக்கு தட்டையாகிவிடும்.

இனி நிறம். உயிருள்ள ஆளை எதிரே வைத்துத்தான் வரைய வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருப்பதற்குப் பெரிய காரணம் இதுதான். சில கம்பெனிகள் ஃப்ளெஷ் டின்ட் என்று ஒரு டியூப் விற்கிறார்கள். இளஞ்சிவப்பு. அந்த நிறத்தில் தோலுள்ளவர் யாரும் எங்கள் அறைக்கு வந்ததில்லை. புத்தகங்களில் வரும் வெள்ளை, யெல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்), சிவப்பு என்ற கலவையும் மாநிறத்துக்கோ கறுப்புக்கோ உதவாது. அதையே பழுப்பு சேர்த்து இருட்டாக்கினால் சேறு வரும். வெளிச்சத்துக்கு வெள்ளை சேர்த்தால் முகத்தில் திருநீறு அப்பியது போலச் சாம்பல் பூக்கும்.

கறுத்த தோலில் எதிரே உட்கார்ந்து பார்த்தால் தெரிவது வேறு. நெற்றி மேடு, கன்ன எலும்பு, மூக்குத்தண்டில் பளிச்சென்று விழும் வெளிச்சத்துக்குத் தோலின் நிறம் குறைவு, ஜன்னலின் நிறமே அதிகம். வானம் நீலமாக இருந்தால் அந்தப் பளபளப்பும் நீலச் சாம்பல்தான். அல்ட்ராமரின் நீலத்தில் துளி பர்ன்ட் சியன்னாவும் (செம்பழுப்பு) தேவையான வெள்ளையும் சேர்த்தால் அது கிடைக்கும். உண்மையான தோல் நிறம், அந்தச் செம்பு கலந்த சூடு, வெளிச்சம் நிழலாகத் திரும்புகிற ஓரத்தில்தான் ஆழமாக இருக்கும். அங்கே பர்ன்ட் சியன்னா, ஓக்கர், கொஞ்சம் அலிசரின் சிவப்பு. நிழலுக்கு அல்ட்ராமரினும் பர்ன்ட் சியன்னாவும் கலந்து, வெள்ளை சேர்க்காமல், மெல்லிசாக. இந்த இரண்டு டியூபும் சேர்ந்தால் கிட்டத்தட்டக் கறுப்பு வரும். எது கூடுகிறதோ அந்தப் பக்கம் குளிர்ச்சியாகவோ சூடாகவோ சாயும். ஸ்வீடன் ஓவியர் ஆண்டர்ஸ் சோர்ன் பெயரால் வழங்கும் நான்கு நிறத் தட்டு ஒன்று உண்டு: வெள்ளை, ஓக்கர், வெர்மிலியன் சிவப்பு, ஐவரி பிளாக் என்ற கறுப்பு. கண் பழக அது நல்லது. நம் ஆட்களை வரைய அதோடு அல்ட்ராமரினையும் பர்ன்ட் சியன்னாவையும் சேர்த்துக்கொள்கிறேன்.

ஒரே ஆளின் தோலும் ஒரே நிறத்தில் இருப்பதில்லை. நடத்துனரின் கையில் சட்டைக்கை முடிகிற இடத்தில் ஒரு கோடு இருந்தது, அதற்குக் கீழே வெயில் தின்ற கறுப்பு, மேலே வேறு மனிதரின் தோள். உள்ளங்கை ஓக்கரும் ரோஜாவும். மஞ்சள் புடவை கட்டியவரின் தாடைக்கு அடியில் மஞ்சள் வெளிச்சம் ஏறும். கலந்த வண்ணத்தைக் கத்தி முனையில் எடுத்து, ஒரு கண்ணை மூடி, கன்னத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால் எவ்வளவு தள்ளி இருக்கிறோம் என்று புரியும். கத்தியின் மேலும் அதே வெளிச்சம் விழ வேண்டும், அதைக் கவனியுங்கள். இதெல்லாம் கைபேசிப் படத்தில் வராது. கேமரா நிழலைக் கரியாக்கும், போதாக்குறைக்கு முகத்தைத் தானாகவே வெளுப்பாக்கும். பின்புறம் வெள்ளைச் சுவர் இருந்தால் நம் கண்ணே ஏமாந்துபோகும். முகம் முழுக்க ஒரே இருட்டாகத் தெரியும். மங்கிய பச்சையிலோ சாம்பலிலோ ஒரு போர்வையைத் தொங்கவிட்டால் அதே முகத்தில் நிறங்கள் பிரிந்து வரும்.

காசு வாங்கி போர்ட்ரெய்ட் வரைகிற நண்பர்களுக்கு இங்கே வேறு சங்கடம். வீட்டார் வந்து பார்த்துவிட்டு "கொஞ்சம் கலரா போடுங்களேன்" என்பார்கள். போடாவிட்டால் மீதிப் பணம் இழுபறியாகும். எனக்கு அந்தத் தொல்லை இல்லை, யாரும் என்னிடம் காசு கொடுத்து வரையச் சொன்னதில்லை.

ஹெட் ஸ்டடியில் எங்களுக்கு அதிகம் கற்றுக்கொடுத்தவர் கீரைப் பாட்டி. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். இளம் வயதில் பாம்படம் போட்டு வளர்த்த காது, இப்போது நகை இல்லாமல் தோள்வரை தொங்கியது. அந்தக் காது தூக்குநூலாகவே பயன்பட்டது. தலை லேசாகச் சாய்ந்தாலும் காது நேர்கீழே தொங்கும், சாய்வு எவ்வளவு என்று உடனே தெரிந்துவிடும். நெற்றிப் பொட்டும் அப்படித்தான். பொட்டு, மூக்கு நுனி, மோவாய்க் குழி மூன்றையும் இணைத்தால் முகத்தின் நடுக்கோடு. திருநீற்றுப் பட்டை போட்டவர் என்றால் நெற்றி எப்படி உருண்டு பக்கவாட்டில் போகிறது என்பதையும் அந்தப் பட்டையே வரைந்து காட்டிவிடும். வகுப்புக்கு வரும்போது பொட்டை அழித்துவிட்டு வரச் சொல்லாதீர்கள்.

கண்ணை முதலில் வரையாமல் இருப்பதற்கு எனக்கு இன்னும் கட்டுப்பாடு தேவைப்படுகிறது. கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் புருவத்துக்குக் கீழே இருப்பது ஒரு நிழல் குழி, அவ்வளவுதான். அந்தக் குழி சரியான இடத்தில், சரியான அடர்த்தியில் இருந்தால் விழி கடைசியில் இரண்டு புள்ளியில் வந்துவிடும். வெண்விழி வெள்ளை இல்லை, இமையின் நிழலில் இருக்கும் சாம்பல். வாயையும் தள்ளிப்போடுங்கள். பாட்டிக்கு வாய் மூடாது. கீரை விலை, மருமகள், ஊர்த் திருவிழா என்று பேசிக்கொண்டே இருப்பார். முதலில் சிலருக்கு எரிச்சலாக இருந்தது. பேசாமல் இருக்கச் சொன்ன அன்றைக்கு வேறு யாரோ வந்து உட்கார்ந்தது போல முகம் மாறிப்போனது. அதற்குப் பிறகு பேச விட்டுவிட்டோம். மண்டை, கழுத்து, நிழல் எல்லாம் அவர் பேசும்போதே வரைந்துகொள்ளலாம். வாயை வரையும்போது மட்டும் ஒரு பத்து நிமிடம் கேட்டுக்கொள்வோம்.

சின்னச் சின்ன விஷயங்கள்: மின்விசிறி மாடலின் பக்கம் திரும்பி இருக்க வேண்டும். நம் பக்கம் திருப்பினால் அக்ரிலிக் தட்டிலேயே காய்ந்துவிடும், அவருக்கோ வியர்த்து முகம் முழுக்கப் பளபளப்பு ஏறும். சென்னை வெயிலில் அக்ரிலிக்கோடு மல்லாடுவதைவிட எண்ணெய் வண்ணம் எனக்குச் சௌகரியம். ஆனால் மூடிய அறையில் டர்பன்டைன் திறந்து வைக்கக் கூடாது, தலைவலி முதலில் மாடலுக்குத்தான் வரும். பிரஷ்ஷை லின்சீட் எண்ணெயில் அலசித் துணியில் துடைத்தால் போதும். எண்ணெய் ஊறிய அந்தத் துணிகளைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போடாதீர்கள், தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவையுங்கள், இல்லை தண்ணீரில் போட்டுவையுங்கள்.

இப்போது ஒரே போஸைப் பல வாரங்களுக்கு இழுத்து, பெரிய கேன்வாஸில் செய்து பார்க்கிறோம். இதில் புதுப் பிரச்சினைகள் வருகின்றன. அதே சட்டை துவைத்து வெளுத்து வரும், மீசை வளரும். நாடகத் தம்பி ஒருவரை வைத்து அடர்ந்த சுருட்டை முடியைப் பாதிவரை வரைந்திருந்தோம். அடுத்த வாரம் பழனிக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு, சந்தனம் பூசிய தலையோடு வந்து நின்றார். குடும்ப வேண்டுதலாம், எங்களிடம் சொல்ல மறந்துவிட்டார். சிலர் புதுக் கேன்வாஸ் எடுத்தார்கள். நான் முடியைத் துணியால் துடைத்தெடுத்துவிட்டு அதன் மேலேயே தொடர்ந்தேன். கண் தலையின் நடுவே இருக்கிறது, அதற்கு மேலேயும் கீழே உள்ள அளவு மண்டை இருக்கிறது என்று எத்தனையோ முறை சொல்லிக்கொண்டிருந்தும், முடியின் தைரியத்தில் மண்டையைச் சின்னதாகவே போட்டுவந்தவர்கள் எல்லோரும் அன்றைக்குத்தான் உச்சந்தலை எவ்வளவு உயரம் என்று பார்த்தார்கள். காதுக்குப் பின்னால் மண்டை எவ்வளவு தூரம் போகிறது என்பதும் தெரிந்தது. தம்பிக்கு அன்று வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தோம். குழுவில் வேறு யாருக்காவது திருப்பதியோ சமயபுரமோ பாக்கி இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.